செவலைக்கு அறுபது நாள் லீவு

பால் உப்புக் கரிக்கிறது என்று ஒரு டீச்சர் சொன்னதைக் கேட்டு, பசுவின் முகத்துக்கு நேரே தொங்கிய உப்புக்கட்டியைக் கழற்றிக் காரின் பின்பெட்டியில் ஒளித்து வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொல்லி நானே முதலில் சிரித்துவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

மாடு உப்பை நக்குகிறது, நக்கிய உப்பு பாலில் வருகிறது. அன்றைக்கு என் விஞ்ஞானம் அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால், தினமும் செம்பனைப் பிண்ணாக்கு தின்கிற மாடு சமையல் எண்ணெய் அல்லவா கறந்திருக்க வேண்டும்? அதுவரைக்கும் என் மூளை போகவில்லை. உப்புக்கட்டி போன மறுநாளிலிருந்து செவலை என் கழுத்தை நக்க ஆரம்பித்தாள். வெயிலில் புல் அறுத்துவிட்டு வருகிற மனிதனின் கழுத்தில் அவளுக்கு வேண்டியது இருந்தது. என் மேல் அவளுக்கு என்ன பாசம் பாருங்கள் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பால் மட்டும் கரித்துக்கொண்டேதான் இருந்தது.

நான் பிறந்தது ஈப்போவிலிருந்து அரைமணி நேரம் தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தோட்டமும் இல்லை. பாதி செம்பனை, பாதி மாடி வீடுகள். நடுவில் மாரியம்மன் கோயில் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா இருந்து மனைவியின் வாயில் விழுவதைவிட மாட்டின் காலில் உதை வாங்குவது மேல் என்று முடிவு செய்து, கோயிலுக்குப் பின்னால் கொட்டகை போட்டேன். இரண்டு மாடுகள். கறுப்பி நான் வாங்கியது. செவலை கோயில் மாடு. அவளுடைய தாயை யாரோ ஒரு புண்ணியவான் ஆத்தாளுக்கு நேர்ந்து விட்டிருந்தார். கோயிலில் மாடு வளர்க்க இடமும் கிடையாது, சாணி அள்ள ஆளும் கிடையாது. அதனால் என்னிடம் ஒப்படைத்தார்கள். வளர்க்கிறவனுக்குப் பால், விசேஷ நாளில் மட்டும் கோயிலுக்கு அபிஷேகப் பால் என்று பேச்சு. தாய்க்குப் பிறகு மகளுக்கும் அதே பேச்சு தொடர்ந்தது.

உப்பைக் கண்டுபிடித்த டீச்சர், ஈப்போவில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். காலையில் நான் மோட்டார் சைக்கிளில் பால் போத்தல்களைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர் கோப்பியில் பாலை விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் நான் அங்கிருந்து நகரலாம். அன்றைக்கு ஒரு வாய் குடித்தவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இது மாட்டில் கறந்ததா கடலில் கறந்ததா என்று கேட்டார். வயதானால் நாக்கில் ருசி மாறும், பாலைக் குற்றம் சொல்லக் கூடாது என்று நான் மிகவும் பணிவாக எடுத்துச் சொன்னேன்.

"நாக்கு என்ர. பால் உம்மட. எது பழுதெண்டு நீரே குடிச்சுப் பாரும்" என்றார்.

குடித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் உப்புக்கட்டி காருக்குள் போனது.

செவலை அப்போது நிறைசினை. கன்று போட மூன்று வாரம்கூட இல்லை. அப்போதும் நான் காலையும் மாலையும் கறந்துகொண்டிருந்தேன். இதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும், தானாக வற்றும்வரை கறப்பார்கள். கொடுக்கிற மடியைக் கறக்காமல் விடுவது, வீடு தேடி வந்த லட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்புவது மாதிரி என்று பேச்சு. அவர்கள் வைத்திருந்தவை நாட்டு மாடுகள். சினை முற்ற முற்றத் தானாகவே வற்றிவிடும். யாரும் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. செவலை கலப்பினம். கன்று போடுகிற அன்று காலைவரை கறந்தாலும் தருவேன் என்கிற ரகம். நானும் கன்று போடுகிற அன்று காலைவரை கறந்தேன். ஆத்தாள் மாடு அல்லவா, அள்ளிக் கொடுக்கிறது என்று பெருமை வேறு.

கன்று போட்டவுடன் வருகிற சீம்பால் மஞ்சளாக, கையில் எடுத்தால் தேன் மாதிரி நூல் இழுக்க வேண்டும். எனக்கு வந்தது வடிகஞ்சி. கன்றுக்கு ஊட்டியது போக மீதியில் குலா மலாக்கா வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வேக வைத்தேன். நல்ல சீம்பால் கால்மணி நேரத்தில் கட்டியாக இறுகிவிடும். அரைமணி ஆனது, ஒரு மணி ஆனது. மூடியைத் திறக்கத் திறக்க அது என்னைப் பார்த்துத் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சீம்பால் தருவதாகச் சொல்லி வைத்திருந்தேன். கிண்ணத்தோடு வந்தவர்களை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்து, வெறுங் கிண்ணத்தோடு அனுப்பினேன். டீக்கு நல்ல பெயர் கிடைத்தது.

கிடேரிக் கன்று. தாய் நிறம், நெற்றியில் மட்டும் கட்டைவிரல் பதித்த மாதிரி ஒரு வெள்ளை. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. மனைவி உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் குழந்தைப் போத்தலில் ஊற்றி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை புகட்டினாள். கால்நடை இலாகாவிலிருந்து டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண், என் மகள் வயது. ஊசி போட்டுவிட்டு, தாயை எப்போது கறப்பதை நிறுத்தினீர்கள் அங்கிள் என்று கேட்டார். நிறுத்தவே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மலாயில் பொறுமையாகச் சொன்னார். மடிக்குள் பால் சுரக்கிற சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றனவாம். பல மாதம் வேலை செய்து அவற்றின் சுவர்கள் தேய்ந்துபோகும். தேய்ந்த சுவர் வழியாக ரத்தத்தில் இருக்கும் உப்பு பாலுக்குள் கசியும். அதுதான் டீச்சர் நாக்கில் பட்ட உப்பு. கன்று போடுவதற்கு முன்னால் இரண்டு மாதம் கறக்காமல் விட்டால் பழைய சுவர்கள் உதிர்ந்து புதிதாக எழும்பும். அடுத்த ஈற்றின் பால் நிறைவாகவும் சுத்தமாகவும் இருக்கும். அந்த இரண்டு மாதத்தின் கடைசி வாரங்களில்தான் தாய் உடம்பிலுள்ள நோய் தாங்கும் சக்தி மடிக்கு இறங்கிச் சீம்பாலில் சேரும். கன்று அந்தச் சக்தியோடு பிறப்பதில்லை, குடித்துத்தான் வாங்க வேண்டும். "ரெஹாட், அங்கிள். அதற்கு ரெஹாட் வேண்டும்" என்றார். ஓய்வு என்பதற்கு மலாய்ச் சொல் எனக்குத் தெரியாததல்ல. தொழிற்சாலையில் அந்தச் சொல்லுக்கு மணி அடித்தால் முதலில் எழுந்து ஓடுகிறவனே நான்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் கன்று செத்துப்போனது. நான் எதையாவது சொல்லிச் சூழ்நிலையை மாற்றிவிடுகிற ஆள். சாவு வீட்டில்கூட என்னைக் கொஞ்சம் தூரத்தில்தான் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு மண்வெட்டியைத்தான் எடுத்தேன். குழி வெட்டினேன். மனைவி அந்தப் போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அதோட பங்க நாமதான் குடிச்சிட்டோம்."

அந்த ஈற்று முழுவதும் செவலையின் பால் தண்ணீராகவே இருந்தது. அடுத்த முறை சினை பிடித்ததும், கன்று போடுகிற தேதியை டாக்டரிடம் கேட்டு, சீனன் கடையில் கொடுத்த பெரிய நாட்காட்டியில் மனைவி சிவப்பு வட்டம் போட்டாள். இந்த முறை இரண்டு மாதம் கட்டாயம் என்று நானும் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்வது எனக்குச் சுலபமாக வரும். அதுதான் என் வியாதி.

அந்த வருடம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். நாள் குறித்த கூட்டத்தில், கும்பாபிஷேகத்துக்குப் பிறகு நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜைக்குத் தினமும் அபிஷேகப் பால் யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டார். தலைவர் என் கூட்டாளி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. பதினாறு வயதில் ஒரே நாளில் ரப்பர் மரம் சீவப் பேர் கொடுத்தவர்கள். இப்போது அவன் லோரி ஓட்டி, லோரி வாங்கி, லோரி மாதிரியே ஆகிவிட்டான். கூட்டத்தில் தலைவரே, வெளியில் மச்சான். அவன் மைக்கை என் பக்கம் நீட்டினான். எனக்கு மைக் என்றால் பலவீனம். சாப்பாடும் நன்றாக இருந்தது. எழுந்து நின்று, நாற்பத்தெட்டு நாளும் ஆத்தாளுக்குச் செவலையின் பால், என் பொறுப்பு என்றேன். கைதட்டினார்கள். தட்டினார்களே என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறையில் மீன் ஆய்ந்து வளர்ந்தவள். வார்த்தையிலும் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும்தான் தருவாள். நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து சிவப்பு வட்டத்தில் விரலை வைத்து, பின்பக்கமாக வாரம் வாரமாக நகர்த்தினாள். கும்பாபிஷேக ஞாயிற்றுக்கிழமையில் வந்து விரல் நின்றது. நான் வாக்குக் கொடுத்த நாற்பத்தெட்டு நாளும் செவலைக்கு நான் சத்தியம் செய்து கொடுத்த இரண்டு மாதத்துக்குள் அப்படியே அடங்கிக் கிடந்தது.

"மாட்டுகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள்.

மறுவாரமே கோயில் கமிட்டியில் போய் நின்றேன். மைக் இல்லாமல் பேசுவது எனக்குச் சிரமம் என்றாலும் சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தது தப்பு, எண்ணிப் பார்க்காமல் கொடுத்தேன், செவலையைக் கறக்க முடியாது, கறுப்பியின் பாலை நாற்பத்தெட்டு நாளும் கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்றேன். அப்புறம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். ஆத்தாள் முன்னால் சொன்ன வார்த்தையாம். நேர்ந்துவிட்ட வம்சம் செவலைதானாம், கறுப்பி வெறும் மாடாம். கறக்கிற மாட்டைக் கறக்காமல் விடுவது எந்த ஊர் வழக்கம் என்று ஒருவர் கேட்டார். செத்துப்போன கன்றைப் பற்றிச் சொன்னேன். மாடு என்றால் ஒன்று போகும் ஒன்று நிற்கும், அதற்கெல்லாம் அம்பாளைக் காக்க வைப்பார்களா என்றார் இன்னொருவர். இவருடைய கார் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சாப்பிடமாட்டார்.

தலைவர் கடைசியாகப் பேசினான். "சொன்ன வாய் ஒன்னோட வாய்தானே? நாங்களா சொல்லச் சொன்னோம்?"

"வாய் என்னோடது, தலைவரே. மடி அதோடது" என்றேன். டீச்சரிடம் திருடிய வசனம்தான். ஆனால் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. "வேணும்னா வாய்க்கு அபராதம் போடுங்க. மடிய விட்டுடுங்க."

அபராதம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் என்னைப் பற்றி ஒன்பது குரல் பதிவுகள். கண்ணீர் வடிக்கிற பசு ஒன்றின் படம் வந்தது. அது செவலையே இல்லை, ஏதோ வெளிநாட்டு மாடு. இது எங்கள் மாடு அல்ல என்று நான் பதில் போட்டேன். அதற்குப் பிறகு என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி முதலில் பிண்ணாக்கை நிறுத்தினேன். வெறும் புல். இரண்டு வேளைக் கறவையை ஒரு வேளையாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கி, கும்பாபிஷேகத்தன்று காலையில் சொட்டு மிச்சமில்லாமல் கறந்தேன். அந்தக் கடைசிப் பாலை மட்டும் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு டாக்டர் நாலு காம்பிலும் மருந்துக் குழாயை ஏற்றி, மேலே கரைசலைத் தடவி, இனிமேல் கன்று போடுகிறவரைக்கும் கை வைக்கக் கூடாது என்றார்.

சொல்வது சுலபம். இரண்டாம் நாள் மடி வீங்கியது. மூன்றாம் நாள் மத்தளம் மாதிரி ஆனது. செவலை கறக்கிற நேரம் வந்ததும் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். மோட்டாரில் போகிறவர்கள் நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். வீக்கம் நாலைந்து நாளில் தானாக இறங்கும், உள்ளே இருக்கிற பாலை உடம்பே திரும்ப வாங்கிக்கொள்ளும், நடுவில் கொஞ்சம் கறந்தாலும் மறுபடி முதலிலிருந்து சுரக்கத் தொடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். என் கைகளுக்குத்தான் தெரியவில்லை. நாலு பீய்ச்சு, நாலே நாலு, அவள் இளைப்பாறட்டும் என்று வாளியைத் தேடினேன். வாளி இல்லை. மனைவி முந்தின நாளே அதில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைச் செடி நட்டுவிட்டிருந்தாள்.

அந்த மூன்றாம் நாள் காலையில்தான் தலைவர் வந்தான். கூடக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். கையில் மஞ்சள் நூல் சுற்றிய பித்தளைக் குடம். நான் கைலியும் பனியனுமாகக் கொட்டகை கழுவிக்கொண்டிருந்தேன். அவன் மடியைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. நிஜமான கோபம்.

"மடி வெடிக்கப் போவுது பாருடா. வாயில்லாத ஜீவன இப்படிப் போட்டு வதைக்கிறியே, நீ மனுசனா? ஒதுங்கு. நான் கறக்குறேன்."

நான் மாட்டுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். காம்புக்குள் மருந்து ஏற்றியிருக்கிறது, இந்தப் பால் மனிதர் வாய்க்கு ஆகாது என்றேன்.

"ஆத்தா என்னா குடிக்கவா போறா? மேல ஊத்தத்தானே லா?"

"ஊத்துன பால வழிச்சு எடுத்து, தீர்த்தம்னு மொத ஆளா கை நீட்டுறது யாரு மச்சான்? நீதானே?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். தலைவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். அவன் மாட்டின் காம்பைத் தொட்டு முப்பது வருடம் இருக்கும். ஆனால் தொடுவான் என்று தெரிந்தது. நான் கைகளை அகல விரித்தேன். அந்த நேரம் பார்த்துச் செவலை பின்னாலிருந்து என் கைலியின் நுனியை வாயில் கவ்வி மெல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையால் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை மட்டும் விரித்தபடி நின்றேன். வீரம் பாதியாகக் குறைந்ததுபோல் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே குறையவில்லை.

"மச்சான், பதினோராம் நெர ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவன் நின்றான். பதினோராம் நிரை நாங்கள் இருவரும் சீவிய மரங்கள். இலை உதிர்கிற மாதங்களில் ரப்பர் மரத்தைச் சீவக் கூடாது. தளிர் விட்டு இலை முற்றுகிறவரைக்கும் விட்டுவிட வேண்டும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் கங்காணி, பால் குறைகிறது, சீவுங்கள் என்றார். சீவினோம். ஒற்றை நாள் விடாமல் சீவினோம். அடுத்த வருடம் அந்த நிரையில் பாதி மரம் பட்டை காய்ந்து, கத்தி போட்டால் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"மரத்துக்கு மூச்சு விட நேரம் குடுங்கன்னு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல கங்காணி சட்டையப் புடிச்சது நீ. நான் ஒனக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு நின்னேன். அன்னைக்கு மரத்துக்காகப் பேசினவன், இன்னைக்குக் கொடத்தத் தூக்கிகிட்டு வந்து நிக்கிற. நீ கங்காணி ஆயிட்டியா மச்சான்?"

செவலை கைலியை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மரம் வேற, மாடு வேற" என்றான் தலைவர். குரலில் முன்பு இருந்த லோரி இல்லை. "செய். ஒன் இஷ்டத்துக்குச் செய். கன்னுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்பறம் இந்தக் கோயில் வாசல மிதிக்காத."

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து கோயிலில் பெட்டிப் பால். பேரங்காடியிலிருந்து அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வந்து இறங்கியது. கறுப்பி வெறும் மாடு என்று ஒதுக்கினார்கள் அல்லவா? அந்தப் பெட்டிக்குள் எந்தெந்த நாட்டு மாட்டுப் பாலெல்லாம் கலந்திருக்கிறதோ, அதற்கு வம்சம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ஒரு நாள் தவறாமல் பூஜைக்குப் போனேன். பின்வரிசையில் ஒதுங்கி நிற்பேன் என்று எதிர்பார்த்தவர்களை ஏமாற்றி முன்வரிசையில் போய் நின்றேன். ஒலிபெருக்கியில், வாக்குக் கொடுத்துவிட்டு வழுக்கிப்போன சிலர் என்று தலைவர் பேசியபோது, யாரைச் சொல்கிறான் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். என்னிடம் பால் வாங்கிக்கொண்டிருந்த மூன்று வீடுகள் நிறுத்திவிட்டன. செவலை பால் தரவில்லை, கறுப்பி ஒருத்தியின் பாலை எல்லோருக்கும் எப்படி ஊற்றுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பயம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் கைகூப்பி, ஆத்தா, கோபம் இருந்தால் என் மேல் காட்டு, மாட்டின் மேல் காட்டாதே என்றுதான் வேண்டினேன். வேண்டுமானால் முழங்கால் வலியைக் கொடு. ஏற்கெனவே இருக்கிற வலியையும் அதிலேயே சேர்த்துக்கொள் என்று பேரம்கூடப் பேசினேன். இன்னொரு கன்று போத்தலோடு மனைவியின் மடியில் கிடந்தால் என்ன செய்வேன்? டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? என் கதையில் புதிதாக ஒரு முட்டாள்தனம் சேரும், அவ்வளவுதான். செவலைக்கோ இரண்டாவது கன்று போகும்.

ஐந்தாம் நாள் வீக்கம் இறங்கத் தொடங்கியது. பத்து நாளில் மடி காலிப் பை மாதிரி தொய்ந்தது. செவலை கத்துவதை நிறுத்திவிட்டாள். தின்றாள், படுத்தாள், அசை போட்டாள். மதிய நேரத்தில் அவள் படுத்திருக்கிற சுகத்தைப் பார்த்து, முப்பது வருடம் போர்க்லிஃப்ட் ஓட்டிய எனக்குப் பொறாமையாக இருந்தது. மண்டலம் முடிந்து ஒரு வாரத்தில் மடி மறுபடி நிறைய ஆரம்பித்தது. இந்த முறை அது வேறு மாதிரி நிறைந்தது, மினுமினுப்பாக.

ஒரு மழை ஓய்ந்த காலையில், சிவப்பு வட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே, கன்று போட்டாள். மறுபடியும் கிடேரி. உடம்பு காய்வதற்குள் எழுந்து நின்று, இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை காம்பைப் பிடித்தது. மனைவி அதன் பின்னங்காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருந்தாள், அது வயிறு நிறையக் குடித்து முடிக்கிறவரைக்கும். வாய் ஓரத்தில் வழிந்த சீம்பால் முட்டைக் கரு நிறத்தில் இருந்தது. மனைவி அதை விரலால் தொட்டு விரித்துப் பார்த்தாள். நூல் இழுத்தது. என் பக்கம் காட்டினாள்.

மூன்றாம் நாள் வந்தது. நான் கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று முழுவதும் அந்த வாலை நான் தூக்கிய அளவுக்கு அதுவே தூக்கியிருக்காது. ஒன்பதாம் நாளும் வந்தது. அன்றைக்கு அது கொட்டகையை விட்டு ஓடி, கோயில் வாசல்வரை போய், கோலத்தை மிதித்துவிட்டுத் திரும்பி வந்தது.

இதற்கிடையில் இரண்டாம் நாளே, கன்றுக்குப் போக மீந்த சீம்பாலை வேக வைத்தாள் மனைவி. கால்மணியில் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி இறுகிவிட்டது. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி, முழுவதையும் தின்றுவிட்டு, விரலை நக்கிவிட்டு, கன்று குடிக்கிறதா என்று மட்டும் கேட்டான். குடிக்கிறது என்றேன். அடுத்த விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது என்னையும் கூப்பிடுவதாகவும், நான் மாட்டுத் தேதி குறித்த நாட்காட்டியோடு வர வேண்டும் என்றும் சொன்னான். மன்னிப்பு என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் என்னை வாட்ஸ்அப் குழுவில் திரும்பச் சேர்த்திருந்தார்கள்.

ஒரு வாரம் சென்று, பால் வெளுத்துத் தெளிந்த பிறகு, டீச்சருக்குக் கொண்டுபோனேன். கோப்பியில் விட்டுக் குடித்தார். பிறகு கோப்பி இல்லாமல் வெறும் பாலை அரைக் குவளை ஊற்றிக் குடித்தார். அதற்கும் பிறகு உள்ளே போய், இதுவரை கொடுத்துக்கொண்டிருந்ததைவிடப் பெரிய போத்தலாக ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கமிட்டி, வாட்ஸ்அப், பித்தளைக் குடம், எல்லாவற்றையும் எதிர்த்து நின்று ஜெயித்தவன் அல்லவா. மனைவி கொட்டகையில் குனிந்து செவலையைக் கறந்துகொண்டிருந்தாள். கன்று அவள் முதுகை முட்டிக்கொண்டிருந்தது. நான் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். இரண்டு மாதம் ஓய்வு கொடுத்ததற்கே ஒரு மாடு இப்படித் தேறி வந்திருக்கிறது. நான் பதினாறு வயதில் கத்தி பிடித்தவன். மரம், தொழிற்சாலை, மாடு என்று இன்றுவரைக்கும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் படுத்ததில்லை. என் உடம்பிலும் உள்ளே சுவரெல்லாம் தேய்ந்துதான் போயிருக்கும். ஆகையால் நாளையிலிருந்து எனக்கும் அறுபது நாள் ரெஹாட், புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் உன் பொறுப்பு, யார் வந்து கேட்டாலும் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அறிவித்தேன்.

அவள் நிமிரவில்லை. கறப்பதையும் நிறுத்தவில்லை.

"மொதல்ல ஒரு கன்னு போடுங்க."